ஃபாதர் வந்தாரா

மடம்
27 டிசம்பர் 2024

அன்புத் தம்பி நிரோஷனுக்கு,

ஆண்டவர் உங்களைத் தனியே விடாதிருப்பாராக. சாப்பிடுகிறீர்களா, தூங்குகிறீர்களா? இரண்டுக்கும் நல்ல பதில் வராது என்று தெரிந்தும் கேட்கிறேன்.

கூடப்பிறந்த ஒரே தங்கையின், உங்கள் மனைவியின், அடக்கத்துக்கு நான் வரவில்லை. இந்த மடத்துக்குள் வந்தவர்கள் பிறகு வெளியே போவதில்லை. தெரிந்துதான் பதினொரு வருஷத்துக்கு முன் வந்தேன். கிறிஸ்து பிறப்புக்கு முந்திய திருவருகைக் காலத்தில் நாங்கள் கடிதம் எழுதுவதும் இல்லை, வந்ததைப் பிரிப்பதும் இல்லை. மடத்துத் தலைவி மதர் எல்லாவற்றையும் தன் இழுப்பறையில் பூட்டி வைத்து நத்தாரன்று தருவார். நேற்று முன்தினம்தான் கட்டாகக் கையில் கிடைத்தது. அதனால்தான் இந்தக் கடிதம் இரண்டு கிழமை பிந்தி வருகிறது.

டெங்கு என்று அப்பா போனில் மதரிடம் சொன்னார். நாவலப்பிட்டியிலிருந்து அவர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். அதற்குமேல் அவரால் சொல்ல முடியவில்லை. ஆகவே உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். கடைசியில் ஃபாதர் வந்தாரா? தங்கச்சிக்கு எண்ணெய்ப் பூசுதல் கிடைத்ததா? நீங்கள் சைவக் கோயில் கும்பிடுகிற பிள்ளை, உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். எனக்கு இப்போதைக்கு இதைவிடப் பெரிது ஒன்றும் இல்லை.

பதில் ஒரு வரியாக இருந்தாலும் போதும்.

உங்கள் பெயரைச் சொல்லி மன்றாடும்,
அக்கா யோசப்பின்


கட்டுகஸ்தோட்டை
9 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். சாப்பிடுகிறேன். அம்மா தெல்தோட்டையிலிருந்து வந்து பத்து நாள் நின்று சமைத்துத் தந்தார். திங்கட்கிழமை போய்விட்டார். மடத்தில் எல்லாரும் சுகமா?

ஃபாதர் வந்தார். பூசினார். றேணுகா அமைதியாக இருந்தாள்.

வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டேன். என்ன வேலை என்று அவள் உங்களுக்குச் சரியாகச் சொல்லியிருக்க மாட்டாள். "அவரு ரேடியோ திருத்துறாரு" என்றுதான் எல்லாரிடமும் சொல்லுவாள். மலைச்சரிவில் மண்ணுக்குள் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அலை அனுப்பிப் பார்க்கும் கருவி ஒன்று செய்கிறோம். மண்சரிவை முன்கூட்டி அறிவதற்கு. திரும்பி வரும் அலை மிகவும் சன்னமானது. அதைப் பெருக்கித் தரும் துண்டுதான் என் பொறுப்பு. பாடசாலையில் விரியலாக்கி என்று படித்தோம். ஆய்வுகூடத்தில் அம்ப் என்பார்கள்.

சாதாரண அம்ப் ஒரு குறுகிய அலைவரிசையை மட்டும் நன்றாகப் பெருக்கும். எங்களுக்கு அரை கிகாஹேர்ட்ஸிலிருந்து ஆறு வரை எல்லாம் ஒரே அளவில் வேண்டும். ஒரு ட்ரான்சிஸ்டரால் அது முடியாது. ஆகவே ஐந்தை வரிசையாக வைக்கிறோம். அலை ஒரு கோட்டில் நுழைந்து ஐந்தையும் தொட்டுக்கொண்டு ஓடும். தொடும்போது ஒவ்வொன்றும் பக்கத்திலுள்ள மற்றக் கோட்டில் தன் பங்கைக் கொஞ்சம் போடும். இரண்டு கோட்டிலும் அலை ஓடும் நேரம் ஒன்றாக இருந்தால்தான் ஐந்து பங்கும் சேரும். இல்லாவிட்டால் ஒன்றை ஒன்று அழிக்கும். என்னுடையதில் நான்கு கிகாஹேர்ட்ஸுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளம் விழுகிறது. ஏன் என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நிரோஷன்


கட்டுகஸ்தோட்டை
10 ஜனவரி 2025
(எழுதியது. அனுப்பவில்லை.)

அக்கா,

ஃபாதர் வரவில்லை. நான் கூப்பிடவில்லை. றேணுகா கேட்டாள். இரண்டு தரம் கேட்டாள்.

நேற்றுப் போட்ட கடிதத்தில் வந்தார் என்று எழுதியது பொய். உங்கள் கேள்வியைப் பார்த்தேன், கை எழுதிவிட்டது. அளந்து பார்க்காமலே வரவேண்டிய எண்ணைத் தாளில் எழுதிவிடுவது போல. என் வாழ்க்கையில் ஒருநாளும் அப்படி எண் எழுதியதில்லை.

இதை நாளைக்குத் தபாலில் போடவேண்டும். போட்டால் உங்களுக்கு


மடம்
21 ஜனவரி 2025

அன்புத் தம்பிக்கு,

நன்மையும் சுகமும் உங்களைத் தேடி வரட்டும். எனக்குக் கொஞ்சம் தடிமன், தும்மல். வேறு குறை இல்லை.

உங்கள் கடிதத்தின் அந்த மூன்று சின்ன வசனங்களை எத்தனை தரம் வாசித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். தம்பி, ஃபாதரைக் கூப்பிடுவது உங்களுக்கு எவ்வளவு பாரமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று இப்போது கேட்க வேண்டாம். அப்படியிருந்தும் கூப்பிட்டீர்கள். நத்தாருக்குப் பிறகு அன்றுதான் நான் விடியும்வரை தூங்கினேன். மதரிடம் சொன்னேன், அவர் எல்லாருக்கும் சொன்னார். சிற்றாலயத்தில் நன்றிப் பாட்டுப் பாடினோம். சமையல் சிஸ்டர் பால்சோறு வைத்தார்.

அந்த ஃபாதரின் பெயரை எழுதுங்கள். நன்றி சொல்லி ஒரு அட்டை அனுப்ப மதர் அனுமதி தந்திருக்கிறார்.

உங்கள் ஐந்து ட்ரான்சிஸ்டரும் எனக்கு நன்றாக விளங்கிற்று. நாங்களும் இரண்டு பக்கமாக நின்றுதான் சங்கீதம் பாடுகிறோம். எதிர்ப்பக்கம் அரை மூச்சு பிந்தினால் முழுப் பாட்டும் சேறாகிவிடும். அங்கேயும் அதுதானே? ஒரு சந்தேகம். ஐந்தில் ஒன்று செத்துப்போனால் என்ன ஆகும்? எல்லாம் நின்றுவிடுமா?

அன்போடும் மன்றாட்டோடும்,
அக்கா யோசப்பின்


கட்டுகஸ்தோட்டை
4 பெப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். உங்கள் தடிமன் குறைந்ததா? கொத்தமல்லி குடியுங்கள்.

நீங்கள் கேட்ட அதே கிழமை மூன்றாவது ட்ரான்சிஸ்டர் செத்துப்போனது. பிழை என்னுடையது. மின்சாரம் கொடுக்கும் ஒழுங்கை மாற்றிவிட்டேன். முதலில் கொடுக்க வேண்டியதை இரண்டாவதாகக் கொடுத்தேன். மூன்று வருஷமாக ஒருநாளும் செய்யாத பிழை.

எல்லாம் நிற்காது. மிச்சம் நான்கும் வேலை செய்யும். பெருக்கம் குறையும், அவ்வளவுதான். செத்ததை உடனே கழற்றி எடுக்கவும் கூடாது. அதன் இருப்பையும் கணக்கில் சேர்த்துத்தான் கோட்டை வரைந்திருக்கிறேன். கழற்றினால் அந்த இடத்தில் அலை தடுக்கித் திரும்பும். மற்ற நான்கும் குழம்பும். ஆகவே புதிது வரும்வரை அது அங்கேயே இருக்கிறது.

என்னோடு வேலை செய்யும் அஸ்ஃபர் மடவளைக்காரன். அளவீட்டுக் கருவிகள் எல்லாம் அவன் பொறுப்பு. அவன் தினமும் வீட்டிலிருந்து எனக்கும் சேர்த்துச் சாப்பாடு கொண்டுவருகிறான். வேண்டாம் என்றேன். "இது ஒங்களுக்கில்ல மச்சான், ஒங்கட அம்புக்கு. நீங்க மயங்கி விழுந்தா அத யாரு பாக்கிற?" என்றான். சாப்பிட்டேன்.

பள்ளம் இன்னும் இருக்கிறது. வெளியே போகும் கோடு கொஞ்சம் குட்டை என்று நினைக்கிறேன். வளைத்து நீட்டிப் பார்க்கப் போகிறேன்.

இப்படிக்கு,
நிரோஷன்


மடம்
17 பெப்ரவரி 2025

அன்புத் தம்பிக்கு,

உங்களுக்கு மன ஆறுதல் கிடைக்கட்டும். கொத்தமல்லி குடித்தேன், சுகம். அஸ்ஃபருக்கும் அவர் வீட்டில் சமைப்பவருக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

நான் கேட்ட பெயரை நீங்கள் எழுதவில்லை. மறதி என்று முதலில் நினைத்தேன். ட்ரான்சிஸ்டர் செத்ததை இவ்வளவு விபரமாக எழுதுகிற பிள்ளைக்கு ஒரு பெயர் மறக்காது. யோசித்துப் பார்த்தேன், இப்போது காரணம் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஃபாதரைக் கூப்பிட்டதால்தான் அவள் போய்விட்டாள் என்று உங்கள் மனம் சொல்கிறதா? அவர் காலடி வைத்ததும் சாவும் வந்துவிட்டது என்று?

அப்படி நினைக்காதீர்கள். பிழை எங்கள் வீட்டுப் பேச்சில் இருக்கிறது. அம்மா இன்றும் பழைய பெயரைத்தான் சொல்லுவார், அவஸ்தைப் பூசுதல் என்று. சாகக் கிடப்பவர்களுக்கு மட்டும் கொடுத்த காலத்துப் பெயர் அது. இப்போது அது நோயில் பூசுதல். ஒப்பரேஷனுக்குப் போகிறவர்கள், காய்ச்சலில் கிடப்பவர்கள் எல்லாரும் கேட்டு வாங்குவது. சுகமாக வேண்டும் என்றுதான் ஃபாதர் அதில் மன்றாடுவார். றேணுகா மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் இதுதான். ஒருமுறை அம்மாவையே நிறுத்தித் திருத்தினாள். "அவஸ்த, அவஸ்தன்னு சொல்லாதீங்கம்மா. பயத்துலேயே ஒருத்தரும் ஃபாதரக் கூப்பிட மாட்டாங்க" என்றாள்.

ஆகவே நீங்கள் செய்தது அவளைச் சுகமாக்கச் செய்தது. அதை நினைத்து நிம்மதியாக இருங்கள்.

வருகிற மார்ச் ஐந்தாம் திகதி தவக்காலம் தொடங்குகிறது. உயிர்த்த ஞாயிறு வரை கடிதங்கள் இழுப்பறையில்தான். அதற்கு முன்னர் எழுதுங்கள்.

உங்களை மறவாத,
அக்கா யோசப்பின்


கட்டுகஸ்தோட்டை
1 மார்ச் 2025

அக்காவுக்கு,

இது புதன்கிழமைக்கு முன் உங்கள் கையில் கிடைக்க வேண்டும். சுகம் விசாரிக்கவில்லை. மன்னியுங்கள்.

ஃபாதர் வரவில்லை. வந்தார் என்று நான் எழுதியது பொய்.

டிசம்பர் ஏழாம் திகதி அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அன்று பின்னேரமே கேட்டாள். "ஃபாதருக்குச் சொல்றீங்களா? பூசுதல் வேணும்" என்றாள். உங்கள் அம்மா அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். உங்கள் மாமா செத்தபோது சொன்னார். எனக்கு அது ஒன்றுதான் தெரியும். "சும்மா இரு. நீ என்ன சாகவா போற?" என்றேன். அவள் ஏதோ விளக்கத் தொடங்கினாள். பேச வேண்டாம், தூங்கு என்றேன். அவள் என்ன சொல்ல வந்தாள் என்று உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் தெரிந்தது. ஒரு சொல்லை நான் பிழையாக வைத்திருந்திருக்கிறேன்.

பத்தாம் திகதி காய்ச்சல் இறங்கிற்று. மறுபடி கேட்டாள். காய்ச்சலே போய்விட்டது, இனி எதற்கு என்றேன். காய்ச்சல் இறங்குகிற நாள்தான் கவனமான நாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கேட்டேன். ஆனால் காதில் ஏறவில்லை.

பதினோராம் திகதி காலை ஆய்வுகூடத்துக்குப் போனேன். இரவல் வாங்கிய அளவீட்டுக் கருவியை அன்று பின்னேரம் திருப்பிக் கொடுக்க வேண்டும். இரண்டு மணித்தியாலத்தில் வந்துவிடுகிறேன் என்று அவளிடம் சொன்னேன். தலையாட்டினாள். எங்கள் அம்ப் எதையும் விடாது, பக்கத்தில் போன் இருந்தால் அதையும் பிடித்துப் பெருக்கிவிடும். அதனால் செம்புத் தகடு அடித்த ஒரு அறைக்குள் வைத்துத்தான் அளப்போம். ஸ்கிரீன் ரூம் என்போம். கதவைப் பூட்டினால் உள்ளே எந்த சிக்னலும் வராது. போனை வெளியே தட்டில் வைத்துவிட்டுப் போவோம்.

அவளுடைய போனிலிருந்து பதினான்கு கோல் வந்திருந்தது. எனக்குத் தெரியாது என்று எல்லாரிடமும் சொன்னேன். அதுவும் முழு உண்மை இல்லை. பத்தே முக்காலுக்கு அஸ்ஃபர் கதவில் தட்டினான். "மச்சான், போன் அடிச்சிட்டே ஈக்கிது. ஒங்கட வீட்டாள்" என்றான். கதவைத் திறந்தால் அளவீடு பழுதாகும். முதலிலிருந்து தொடங்க வேண்டும். "இன்னும் பத்து நிமிஷம்" என்றேன். பதினொன்றரைக்குத்தான் வெளியே வந்தேன். அப்போது அவளைத் தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். நினைவு இல்லை. நான்கு மணிக்குப் போய்விட்டாள்.

ஃபாதரைக் கூப்பிடும் எண்ணம் அப்போது எனக்கு வரவே இல்லை. யாரும் என்னிடம் கேட்கவும் இல்லை. நீங்கள்தான் கேட்டீர்கள்.

அன்று எடுத்த அளவீட்டில்தான் அந்தப் பள்ளம் தெரிந்தது. இன்றுவரை அதைத்தான் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

நிரோஷன்


கட்டுகஸ்தோட்டை
20 மார்ச் 2025

மதிப்புக்குரிய மதர் அவர்களுக்கு,

வணக்கம். நான் சிஸ்டர் யோசப்பினின் தங்கை கணவன். மாதத் தொடக்கத்தில் சிஸ்டருக்கு ஒரு கடிதம் எழுதினேன். தவக்காலத்துக்கு முன் கிடைக்கட்டும் என்று அவசரப்பட்டு எழுதியது. பதில் இல்லாதபடியால் உங்கள் இழுப்பறையில் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அவர் அதைப் படிக்காவிட்டால், தயவுசெய்து பிரிக்காமல் எனக்கே திருப்பி அனுப்ப முடியுமா? அதிலுள்ள செய்தி உண்மைதான். ஆனால் அது அவருக்கு நல்லது செய்யாது. இப்போது அவருக்குக் கிடைத்திருக்கிற நிம்மதியைக் கெடுக்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று யோசிக்கிறேன். முத்திரை ஒட்டிய உறை இதனுடன் வைத்திருக்கிறேன்.

தொந்தரவுக்கு மன்னியுங்கள்.

பணிவுடன்,
இ. நிரோஷன்


மடம்
26 மார்ச் 2025

அன்புள்ள மகன் நிரோஷனுக்கு,

சமாதானம். உங்கள் கடிதம் பத்திரமாக இருக்கிறது. தவக்காலம் தொடங்கிய விபூதிப் புதன் பின்னேரம் வந்தது. தபால்காரர் ஒரு நாள் முந்தியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திராது.

இழுப்பறை என்னுடையது. கடிதங்கள் என்னுடையவை அல்ல. நீங்கள் கேட்டால் திருப்பி அனுப்பத் தடை இல்லை, சட்டம் அவ்வளவுதான். ஆனால் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். இதே இழுப்பறையில் பூட்டிக் கிடந்த உங்கள் மனைவியின் கடிதம் பற்றிச் சிஸ்டர் உங்களுக்கு எழுதியிருப்பார். டிசம்பர் பத்தாம் திகதி அது வந்தது. நத்தார் வரை கிடந்தது. அதற்குப் பிறகு கடிதங்களைப் பூட்டி வைப்பதில் எனக்குப் பழைய தைரியம் இல்லை.

என்ன செய்யட்டும் என்று இரண்டு வரி எழுதுங்கள். உங்கள் முத்திரை உறையையும் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வீணாக்க வேண்டாம்.

ஆசீர்வாதத்துடன்,
மதர் மெற்றில்டா


கட்டுகஸ்தோட்டை
31 மார்ச் 2025

மதிப்புக்குரிய மதர் அவர்களுக்கு,

றேணுகாவின் கடிதம் பற்றி அக்கா எனக்கு எழுதவில்லை. அவள் எழுதியதும் எனக்குத் தெரியாது.

என் கடிதத்தை அவரிடம் கொடுங்கள். உயிர்த்த ஞாயிறு வரை வைக்காமல் இன்றைக்கே கொடுக்க முடியுமென்றால் இன்றைக்கே.

நிரோஷன்


மடம்
7 ஏப்ரல் 2025

நிரோஷன் தம்பிக்கு,

தவக்காலத்தில் நான் எழுதும் முதல் கடிதம் இது. மதர் மேசையும் பேனையும் தந்து கதவைச் சாத்திவிட்டுப் போயிருக்கிறார். நீங்கள் சுகமா என்று கேட்கிறேன். இந்த முறை பதில் எதிர்பார்த்துக் கேட்கிறேன்.

உங்கள் கடிதத்தைப் புதன்கிழமை படித்தேன். வியாழன் முழுக்க உங்கள்மேல் கோபம். சங்கீதம் பாட வாய் வரவில்லை. வெள்ளிக்கிழமை கோபம் இடம் மாறிவிட்டது. அதைத்தான் எழுத வேண்டும்.

நத்தாரன்று கிடைத்த கட்டுக்குள் தங்கச்சியின் கடிதமும் இருந்தது. டிசம்பர் ஏழாம் திகதி வார்டிலிருந்து எழுதி, பக்கத்துக் கட்டிலுக்கு வந்த யாரிடமோ கொடுத்துத் தபாலில் போட்டிருக்கிறாள். போன் எடுத்திருக்கலாமே என்று நினைப்பீர்கள். இந்த மடத்துப் போனில் சாவுச் செய்தி மட்டும்தான் வரும், அக்கா பயந்துவிடுவீர்கள் என்று அவளே எழுதியிருக்கிறாள். பத்தாம் திகதி அது இங்கே வந்தது. மதர் யாழ்ப்பாணத்துக்காரர். தாழ்வாரத்தில் என்னை நிறுத்தி, "தங்கச்சியின்ர கடிதம், தடிப்பாக் கிடக்குது. இப்ப தரட்டோ?" என்று கேட்டார். கேட்டது கேட்டதுதான், தம்பி. ஆம் என்று சொன்னால் தந்திருப்பார். நான், "நத்தார் வரைக்கும் இருக்கட்டும் மதர்" என்றேன். ஒழுங்கைக் காப்பாற்றுகிறேன் என்ற பெருமையோடு சொன்னேன். அடுத்த நாள் பின்னேரம் அப்பாவின் போன் வந்தது. கடிதத்தைக் கேட்டு வாங்க அப்போதும் எனக்கு வாய் வரவில்லை. நத்தார் வரைக்கும் அதைக் கண்டு பயந்துகொண்டே இருந்தேன்.

அதில் அவள் கேட்டது சின்ன உதவி. ஃபாதருக்கு நானே கோல் எடுக்கலாம், ஆனால் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் செய்தால் அவர் மனம் நோகும், அவரும் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று ஆசை என்று எழுதியிருந்தாள். பிறகு இப்படி: "நான் சொன்னா பேசாம தூங்குங்கிறாரு. நீங்க அவருக்கு ரெண்டு வரி எழுதுங்கக்கா. நீங்க சொன்னா கேப்பாரு."

ஆகவே நத்தாருக்கு அடுத்த நாட்களில் நான் உங்களிடம் அப்படிக் கெஞ்சிக் கேட்டது தங்கச்சிக்காக மட்டும் அல்ல. ஃபாதர் வந்திருந்தால் என்மேல் பழி இல்லை. நீங்கள் வந்தார் என்று எழுதினீர்கள், நான் தூங்கினேன். பெயர் கேட்டேன், நீங்கள் ட்ரான்சிஸ்டர் எழுதினீர்கள். அப்போதே எனக்குள் ஏதோ தெரிந்தது. தெரிய வேண்டாம் என்று நானே உங்களுக்கு ஒரு காரணமும் கண்டுபிடித்துத் தந்தேன். பொய் உங்களுடையது. அதை மூன்று மாதம் மூடி வைத்து வளர்த்தது நான்.

நேற்று சாப்பாட்டறையில் எழுந்து நின்று எல்லாச் சகோதரிகளுக்கும் சொன்னேன், ஃபாதர் வரவில்லை என்று, தங்கச்சியின் கடிதம் வந்தும் நான் வாங்கவில்லை என்று. சமையல் சிஸ்டர் என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டார்.

உங்களை மன்னிக்கிறேன் என்று எழுத எனக்கு இடமில்லை. என்னை மன்னியுங்கள் என்று உங்களிடம் கேட்டாலும் அது பிழையான ஆளிடம் கேட்பதாகும். அவள் கேட்டதை மட்டும் செய்கிறேன். இரண்டு வரி எழுதச் சொன்னாள், நான்கு மாதம் பிந்திவிட்டது.

தம்பி, அது சாகிறவர்களுக்கு அல்ல, சுகமாக வேண்டியவர்களுக்கு.
பயப்படாமல் ஃபாதரைக் கூப்பிடுங்கள், அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நில்லுங்கள்.

அக்கா